குப்பைத் தொட்டியின் வேகம்

ஜூன் 3, செவ்வாய்

தாளாளர் இன்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்தப் பொறியியல் கல்லூரியின் மேலாண்மைத் துறையில் நான் சேர்ந்து பதினோரு வருடமாகிறது. அவர் என்னைக் கூப்பிட்டது இது மூன்றாவது முறை. முதல் முறை வேறொரு சிகாமணி என்று நினைத்துக் கூப்பிட்டுவிட்டார். இரண்டாம் முறை, பேத்தியின் காதுகுத்துக்குப் பத்திரிகை வாசகம் எழுதித் தரச் சொன்னார். தந்தேன். நன்றாக வந்திருந்தது.

தாளாளர் கிட்டுசாமி ஐயா கல்லூரி தொடங்குவதற்கு முன்னால் போர்வெல் லாரி வைத்திருந்தவர். முதலில் ஒன்று, பிறகு நாற்பது. எதைக் காட்டினாலும் மணிக்கு எத்தனை அடி என்று கேட்டே அவருக்குப் பழக்கம்.

"நீங்க எதுலீங்க பிஎச்.டி. பண்ணீங்க?" என்றார்.

"காப்புரிமை மேற்கோளை வெச்சு, ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு வேகமா முன்னேறுதுன்னு அளக்கறதுலீங்க ஐயா."

நிமிர்ந்து உட்கார்ந்தார். என் ஆய்வைப் பற்றிக் கேட்டு ஒரு மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் இன்றுதான் பார்க்கிறேன். கல்யாணமான புதிதில் பூங்கோதைகூட நிமிரவில்லை.

அவருக்குப் புரியும்படி சொன்னேன். ஒவ்வொரு காப்புரிமை விண்ணப்பத்தோடும் அதற்கு முன்னால் வந்த பழைய காப்புரிமைகளின் எண்கள் சேரும். அதுதான் மேற்கோள். ஒரு துறை முப்பது வருடத்துக்கு முந்தையதையே குறிப்பிட்டுக்கொண்டிருந்தால் அது நடக்கிறது என்று அர்த்தம். மூன்று வருடத்துக்கு முந்தையது என்றால் ஓடுகிறது. மேற்கோள்களின் வயதைக் கூட்டி வகுத்தால் வேகம் கிடைத்துவிடும்.

"அட, இவ்வளவுதானா? அப்ப நம்ம காலேஜை அளந்து போடுங்க. எட்டுத் துறை இருக்குது. எது ஓடுது, எது நடக்குது, எது படுத்துக் கெடக்குதுன்னு தெரியோணும். படுத்துக் கெடக்கறதை மூடிப்போட்டு, அந்த எடத்துல ரோபோ ஏதாச்சும் வெக்கலாம்."

நான் எழுந்தபோது, "அந்த ஆராய்ச்சி டீன் ரூம் ஒரு வருசமா பூட்டியே கெடக்குதுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

எனக்குப் பதவி ஆசை கிடையாது. திரும்பும் வழியில் அந்த அறை இருந்ததால் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தேக்கு மேசை. இரண்டு ஏ.சி. நாற்காலியின் சாய்மானம் தலைக்கு மேலே போகிறது. சும்மா பார்த்தேன், அவ்வளவுதான்.

ஜூன் 5, வியாழன்

பூங்கோதையிடம் சொன்னேன். என் மனைவி இதே கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பத் துறையில் இணைப் பேராசிரியர். நான் சொல்லும்போது சமையலறைக் குழாயில் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தாள். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் வேலைப் பிரிவினை அப்படி.

"ஏனுங்க, அந்த மேற்கோள்ல பாதியைக் கண்டுபிடிச்சவங்க போடறதே இல்லீங்களே. காப்புரிமை ஆபீஸ்ல இருக்கற தேர்வாளர்தான் போடறாரு. எதுக்குப் போடறாரு? 'இது ஏற்கெனவே இருக்குது, உனக்குக் கெடையாது போ'ன்னு சொல்றதுக்குப் போடறாரு. அதையும் சேத்தி எண்ணுவீங்களா?"

"எண்ணிக்கை பெருசானா அதெல்லாம் சமமாயிரும்."

இது நான் வாய்மொழித் தேர்விலேயே சொல்லிக் கைதட்டு வாங்கிய பதில். பூங்கோதை கைதட்டவில்லை, கையில் ஸ்பேனர் இருந்தது.

"ஒரு விண்ணப்பமாவது முழுசாப் படிச்சிருக்கீங்களா?"

"படிக்கறது வேற, அளக்கறது வேற. தர்மாமீட்டர் வெக்கறவன் நோயாளியோட கதையெல்லாம் கேட்டுட்டு இருப்பானா?"

"நல்ல டாக்டர்னா கேப்பாருங்க. டார்ச்சை நேராப் புடிங்க."

ஜவுளிக்காரர்களுக்குப் புள்ளியியல் வராது. குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது.

ஜூன் 9, திங்கள்

சிலிண்டர் வந்தது. தரவு வரவில்லை.

ஜூன் 14, சனி

நான் அளக்கப் போகிறேன் என்ற செய்தி பரவிவிட்டது. பதினோரு வருடமாக லிப்டில் என்னைப் பார்த்தால் செல்போனை எடுத்துக்கொள்ளும் துறைத் தலைவர்கள் இப்போது கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கட்டடவியல் தலைவர் தோட்டத்து மாம்பழம் ஒரு பை அனுப்பியிருந்தார். இயந்திரவியல் தலைவர் திடீரென்று என்னை "அண்ணா" என்று அழைக்கிறார். அவருக்கு என்னைவிட ஆறு வயது கூட.

மாம்பழம் முடிவைப் பாதிக்காது. ஆனால் இனிப்பாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜூன் 18, புதன்

முடிவு வந்துவிட்டது.

நான் படித்த ஆய்வுகளில் உலகத்தின் அதிவேகத் துறைகளுக்கே மேற்கோளின் சராசரி வயது நாலைந்து வருடம். எங்கள் கணினித் துறைக்கு மூன்று மாதம்! கருமத்தம்பட்டியைத் தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு கல்லூரியில், உலகத்தைவிடப் பதினாறு மடங்கு வேகமாக ஒரு தொழில்நுட்பம் ஓடிக்கொண்டிருக்கிறது, கண்டுபிடித்தவன் நான். மயிர்க்கூச்செறிந்தது. இதை வெளிநாட்டு இதழுக்கே அனுப்பலாம்.

இயந்திரவியல் ஒன்பது வருடம். கட்டடவியல் பதினான்கு. மற்றவை நடுவில். எட்டாவது, அதாவது கடைசி, ஜவுளி. முப்பத்தொரு வருடம்.

மூன்று முறை கணக்கிட்டுப் பார்த்தேன். கூட்டி வகுப்பதற்குப் பதில் வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுத்தேன். முப்பத்து நாலு ஆகிவிட்டது. பழையபடி முப்பத்தொன்றுக்கே திரும்பிவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

காலையில் நானே காபி போட்டேன். பூங்கோதை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன தப்புப் பண்ணீங்க?" என்றாள். பாலை அதிகம் ஊற்றிவிட்டேன் என்று சொன்னேன்.

ஜூன் 24, செவ்வாய்

கணினித் துறைத் தலைவர் மோகன்ராமைச் சந்தித்தேன். நெற்றியில் சந்தனம், கையில் மூன்று கயிறு, பையில் இரண்டு போன்.

"இந்த வேகம் எப்படி சார் சாத்தியமாச்சு?" என்று குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"டீம் ஒர்க் சார். மாசம் எட்டுப் போடறோம். எல்லாருக்கும் பேர் வரோணும், இல்லீங்களா? புரொமோஷனுக்குப் பாயின்ட் இருக்குதே."

"போன மாசக் கண்டுபிடிப்பு மேலேயே இந்த மாசக் கண்டுபிடிப்பைக் கட்டறீங்க. இது பெரிய விஷயம்."

மோகன்ராம் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, "ஆமாங் சார். கட்டறோம்" என்றார். அடக்கமான மனிதர்.

ஜூன் 29, ஞாயிறு

பூங்கோதைக்குத் தெரிந்துவிட்டது. எட்டுத் துறைத் தலைவர்களிடம் ரகசியம் என்று சொல்லியிருந்தேன்; எட்டுப் பேரும் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள்.

அவள் கோபப்படவில்லை. கருவேப்பிலை உருவிக்கொண்டே பேசினாள்.

"முப்பத்தொண்ணு சரிதானுங்க. நாங்க முன்ன போட்ட விண்ணப்பமெல்லாம் இந்த நூற்பு பத்தித்தான். நான் பாக்கற எடத்தை ஒரு செக் நாட்டுக்காரர் அறுபதுகள்ல தொட்டாரு. அப்பறம் ஒரு ஜப்பான்காரர். அதுக்கப்பறம் யாரும் தொடலை. நான் வேற யாரைப் போயி மேற்கோள் போடறது?"

அவள் வேலை எனக்கு ஓரளவு தெரியும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் வெட்டுத் துணியைக் கிழித்துப் பஞ்சாக்கி, அதிலிருந்து மறுபடி நூல் நூற்கிறார்கள். அந்தப் பஞ்சில் இழை குட்டை; நூல் அறுந்துகொண்டே இருக்கும். நூற்பு மெஷினில் சுழலும் குழிக்குள் பஞ்சு நுழைகிற இடத்தில் வைப்பதற்கு நகத்தளவு உலோகத் துண்டு ஒன்றைச் செய்திருக்கிறாள். ஆறு வருட வேலை. அதை வைத்தால் அறுந்துபோவது பாதியாகக் குறைகிறதாம். பல்லடத்தில் ஒரு மில்லில் இப்போது ஓட்டிப் பார்க்கிறார்கள்.

"வெயில்ல நல்லா ஓடுது. ஐப்பசி மழை ஈரத்துலயும் ஓடுதான்னு பாத்துட்டுத்தான் காப்புரிமைக்குப் போடோணும். அதுவரைக்கும் அதுல ஒரு வரி வெளிய போகக்கூடாது. போச்சுன்னா நானே கேட்டாலும் எனக்குக் கெடைக்காது. இப்பப் போயி துறையை மூடிட்டா லேப் போயிரும், மெஷின் போயிரும். டிசம்பர் வரைக்கும்தானுங்க எனக்கு வேணும்."

"அது நிர்வாகத்தோட முடிவு. நான் அளக்கறவன் மட்டும்தான்."

அவள் கருவேப்பிலைக் காம்பைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அந்த மூணு மாசத்துக்காரங்களோடதுல நாலஞ்சு எடுத்துப் படிச்சுட்டு மீட்டிங்குக்குப் போங்க. எனக்காக வேண்டாம். உங்களுக்காக."

ஜூலை 2, புதன்

விடுப்புப் போட்டுவிட்டுப் படித்தேன்.

காப்புரிமை பற்றிய என் பதினாறு வருட ஆராய்ச்சியில் நான் முழுசாகப் படித்த முதல் காப்புரிமை விண்ணப்பம் இது: 'செயற்கை நுண்ணறிவால் தானே திறக்கும் குப்பைத் தொட்டி.' கண்டுபிடித்தவர்கள் பத்துப் பேர். கையை அருகில் கொண்டுபோனால் மூடி திறக்கும். சரி, ஊருக்கு நல்லதுதான்.

இரண்டாவது, 'செயற்கை நுண்ணறிவால் தானே திறக்கும் அரிசி டிரம்.' படம் அதே படம். மூன்றாவது, நாய்க்குச் சோறு வைக்கும் பெட்டி. நாலாவது, மாத்திரை டப்பா. ஐந்தாவது, கோயில் உண்டியல். உண்டியல் விண்ணப்பத்தின் நாலாம் பக்கத்தில் இருப்பதை அப்படியே எழுதிவைக்கிறேன், நாளைக்கு எனக்கே சந்தேகம் வரும்: 'பக்தர் தன் கையிலுள்ள குப்பையை அருகில் கொண்டுவந்ததும் சென்சார் அதை உணர்ந்து மூடியைத் திறக்கும். குப்பை நிறைந்தவுடன் நகராட்சிக்குக் குறுஞ்செய்தி செல்லும்.'

எல்லாம் போன வருடத்தவை; ஒவ்வொன்றோடும் தேர்வாளரின் அறிக்கை இருக்கிறது. 'இது புதிதல்ல. பார்க்க: இதே கல்லூரியின் மார்ச் மாத விண்ணப்பம்.' அடுத்ததில், 'பார்க்க: இதே கல்லூரியின் ஜூன் மாத விண்ணப்பம்.' அதற்கடுத்ததில் 'மேற்படி கல்லூரியின் மேற்படி மூடி' என்று ஆரம்பித்திருந்தார். பாவம், அவருக்கும் வீடு வாசல் இருக்கும்.

ஆக, ஒரே மூடியைத்தான் மாதாமாதம் பெயர் மாற்றித் திறந்து காட்டியிருக்கிறார்கள். தேர்வாளர் ஒவ்வொரு முறையும் சமீபத்து மூடி ஒன்றை எடுத்துக் காட்டி விரட்டியிருக்கிறார். அந்த விரட்டலைத்தான் நான் மேற்கோள் என்று எண்ணி, வயது பார்த்து, வகுத்து, உலகத்திலேயே வேகமான தொழில்நுட்பம் என்று நாலு வண்ணத்தில் வரைபடம் போட்டு வைத்திருக்கிறேன். என் அளவுகோல்படி, வேகமாக முன்னேற ஒரே வழி நகராமல் நிற்பது.

என் ஆய்வேட்டில் ஏழாயிரம் விண்ணப்பங்கள் இருக்கின்றன. அவற்றில் எத்தனை மூடி இருக்கும் என்பதை இப்போது யோசிக்க நேரமில்லை. பால் வாங்கப் போக வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

கல்விக்குழுக் கூட்டம்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். கடைசிப் பக்கத்தில் 'இம்முறையின் வரம்புகள்' என்று தலைப்பிட்டு எல்லாம் எழுதி வைத்திருந்தேன். முதல் பக்கத்திலேயே தாளாளர் கையைத் தூக்கிவிட்டார். "மூணு மாசமா? உலகத்துக்கே நாலு வருசம், நமக்கு மூணு மாசமா?" அறையே கைதட்டியது. மோகன்ராம் எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டார். கடைசிப் பக்கம் வரவே இல்லை.

"கடைசி எதுங்க?"

"ஜவுளிங்க" என்றேன்.

"அதை மூடிரலாமா?"

ஜவுளித் தலைவர் விடுப்பில் இருந்தார். பூங்கோதை அந்தக் குழுவில் இல்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வரைபடத்தைப் பார்த்தேன்.

"தீர்மானத்துல எழுதறதுக்கு முன்ன ஒரு நிமிசம் தனியாப் பேசோணுங்க ஐயா" என்றேன். இது என் வாழ்க்கையில் நான் செய்த தைரியமான காரியங்களில் ஒன்று என்று நினைக்கிறேன்.

பக்கத்து அறையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குப்பைத் தொட்டி, அரிசி டிரம், உண்டியல், எல்லாம். தாளாளர் கேட்டுக்கொண்டே முறுக்கைக் கடித்தார். முடித்ததும் சிரித்தார்.

"இதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னீங்களா? பழைய குழியிலயே திரும்ப போர் ரிக்கை எறக்குனா வேகமாத்தாங்க எறங்கும். தண்ணி வராது. ஆனா அடி ஏறும். எங்க தொழில்ல காசு அடிக்கணக்குக்குத்தான். நம்மளை ரேங்க் போட்டு வரிசைப்படுத்தறவங்க தண்ணி வந்துதான்னா கேக்கறாங்க? எத்தனை அடின்னுதானே கேக்கறாங்க?"

முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"அந்த ஜவுளியையும் பழைய குழியில எறக்கி உடுங்க. அடி ஏறிச்சுன்னா எதுக்கு மூடறோம்? நீங்களே டீனா இருந்து பாத்துக்குங்க."

ஜூலை 8, செவ்வாய்

மைசூர்பா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். துறை பிழைத்தது, லேப் பிழைத்தது, எல்லாம் என்னால் என்றேன். டீன் விஷயத்தைக் கடைசியில் சொன்னேன், சாதாரணமாக.

"பதிலுக்கு நாங்க என்ன செய்யோணும்?" என்றாள்.

"மாசம் பத்து விண்ணப்பம். ஒண்ணுக்கொண்ணு மேற்கோள் வர்ற மாதிரி. உடனே வெளியாகற வகையில. உன்னோட அந்தத் துண்டு இருக்குதே, அதைப் பன்னெண்டு பாகமாப் பிரிச்சாவே போதும். அசல் வேலைங்கறதால நம்ம துறைக்கு மரியாதையாவும் இருக்கும்."

"அதுல ஒரு வரி வெளிய போகக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"பிரிச்சுப் போட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

பாதி மைசூர்பாவை டப்பாவிலேயே திரும்ப வைத்துவிட்டு, புடவைக்கு இஸ்திரி போடப் போனாள். நன்றி சொல்லத் தெரியாத குடும்பம்.

ஜூலை 25, வெள்ளி

டீன் நாற்காலி உயரம் அதிகம். கால் தரையில் படவில்லை. ஒரு மனைப்பலகை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

கல்லூரியே உற்சாகத்தில் இருக்கிறது. என் சுற்றறிக்கை வேலை செய்கிறது. கட்டடவியல்காரர்கள் தானே திறக்கும் சிமென்ட் மூட்டை போட்டிருக்கிறார்கள். மின்னியல்காரர்கள் தானே திறக்கும் பியூஸ் பெட்டி. வேதியியலில் ஒருவர் தானே மூடும் குப்பைத் தொட்டி போட்டிருக்கிறார். அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டினேன். ஜவுளி மட்டும் பூஜ்யம். தாளாளர் தினமும் கேட்கிறார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பூங்கோதை பல்லடம் மில்லுக்குப் போயிருந்தாள். வீட்டுக் கணினியில் கொஞ்சம் வேலை இருந்தது. பிரிண்டரில் மை தீர்ந்துபோனது. மத்தியானம் தயிர்சாதம். வேறு விசேஷமில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஜவுளித் துறையிலிருந்தும் பன்னிரண்டு விண்ணப்பங்கள் போயின. தாளாளருக்குச் சந்தோஷம். துறை இனிமேல் பத்திரம். சில நல்ல காரியங்களை வீட்டில் சொல்லாமல்தான் செய்ய வேண்டியிருக்கிறது. டிசம்பரில் அவளுக்கே புரியும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மனைப்பலகை வந்துவிட்டது. வசதியாக இருக்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

பூங்கோதை விண்ணப்பத்துக்கு ஆயத்தம் செய்ய, கோயம்புத்தூரில் ஒரு காப்புரிமை வக்கீலைப் பார்க்கப் போனாள். மழை தொடங்குவதற்குள் எழுத்து வேலையை முடித்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். வெயில் என்றேன். பஸ்ஸில் கூட்டம் என்றேன். போய்விட்டாள்.

சாயங்காலம் திரும்பி வந்து செருப்பைக் கழற்றினாள். கால் கழுவினாள். என் எதிரில் உட்கார்ந்தாள்.

"வக்கீல் தேடிப் பாத்தாருங்க. 'மேடம், உங்க பொருள் ஏற்கெனவே வெளிய வந்திருச்சே'ன்னாரு. யாரோடதுன்னேன். 'உங்க காலேஜோடதுதான், பன்னெண்டு துண்டா வந்திருக்குது'ன்னாரு. பேர் எல்லாத்துலயும் முதல்ல என்னோடது. அப்பறம் எங்க துறைல எட்டுப் பேர். கடைசில உங்களோடது."

"உன் பேரைத்தானே முதல்ல போட்டேன்?" என்றேன்.

இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் தேக்கு மேசையைத் தந்துவிடுவேன்.

"பன்னெண்டுலயும் படம் தப்புங்க. போன வருசத்து டிராயிங், ஓடாத டிராயிங். ஆனா சங்கதி முழுக்க வெளிய வந்திருச்சு. இனி நான் சரியானதைக் கொண்டுபோய்க் கேட்டாலும், தேர்வாளர் என்ன மேற்கோள் காட்டுவாரு? இதைத்தான் காட்டுவாரு. என் பேரைச் சொல்லி எனக்கே இல்லைம்பாரு."

ஆறு வருடம் என்று அவள் சொல்லவில்லை. நான்தான் நினைத்துக்கொண்டேன். ராத்திரி சாப்பாட்டுக்கு ரசம் வைத்திருந்தாள். எனக்கும் போட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் இருவரும் ஒரே தட்டத்திலிருந்து இட்லி எடுத்துச் சாப்பிட்டோம். அவள் ஸ்கூட்டரை நான்தான் தள்ளி வெளியே விட்டேன்.

பதினொரு மணிக்கு அலுவலக உதவியாளர் ரங்கநாதன் கோப்புகளைக் கொண்டுவந்து வைத்தார். மூன்றாவது கோப்பில் ராஜினாமாக் கடிதம். 'மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு. வழி: டீன் (ஆராய்ச்சி).' கீழே பூங்கோதையின் கையெழுத்து. நான் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் மேலே போகும்.

இன்டர்காமில் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க சார்" என்றாள். கல்லூரியில் எப்போதும் சார் என்றுதான் சொல்வாள். வீட்டுக்கு வந்து இருவரும் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

"இதை வீட்லயே சொல்லியிருக்கலாமே, பூங்கோதை?"

"வீட்ல நீங்க டீன் இல்லீங்களே சார்."

"மூணு மாசம் நோட்டீஸ் இருக்குது."

"அவசரம்னா டீன் தள்ளுபடி செய்யலாம்னு விதி இருக்குதுங்க. பல்லடம் மில்லுல வரச் சொல்லியிருக்காங்க. காப்புரிமை இல்லாட்டிப் போகுது, நூல் அறுபடறது நிக்கோணுமில்லீங்களா?"

போனை வைத்துவிட்டாள். ரங்கநாதன் நின்றுகொண்டே இருந்தார். "சார், இன்னும் நாலு விண்ணப்பம் கையெழுத்துக்கு இருக்குதுங்க" என்றார். முதலில் அவற்றில் போட்டேன். அப்புறம் இதில் போட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

காலாண்டு அளவீடு. ஜவுளித் துறையின் மேற்கோள்களின் சராசரி வயது முப்பத்தொரு வருடத்திலிருந்து ஒரே நாளுக்கு இறங்கிவிட்டது. ஒன்றையொன்று குறிப்பிட்டுக்கொள்ளும் பன்னிரண்டு துண்டுகளால் வந்த வேகம். கணினித் துறையையே தோற்கடித்துவிட்டது. மோகன்ராமுக்கு முகம் செத்துவிட்டது.

விழா வைத்தார்கள். முதலிடம் பெற்ற துறையின் முதன்மைக் கண்டுபிடிப்பாளருக்குப் பொன்னாடை. மேடையில் பெயர் வாசித்தார்கள்: முனைவர் பூங்கோதை. அவள் விலகிவிட்டதை வாசித்தவரிடம் யாரும் சொல்லவில்லை. கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. தாளாளர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "அவங்க சார்பா நம்ம டீன் வாங்கிக்குவாருங்க" என்றார். போனேன். போர்த்தினார்கள். புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது வெளியே நல்ல மழை. பூங்கோதை மில்லிலிருந்து முன்னமே வந்திருந்தாள். தலையிலும் ரவிக்கையிலும் பஞ்சுத் தூசி. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"ஈரத்துலயும் ஓடுதுங்க. இன்னைக்கு எட்டு மணி நேரம், நூல் அறுபடவே இல்லை" என்றாள். பிறகுதான் என் கையிலிருந்ததைப் பார்த்தாள். "யாருக்குப் போத்துனாங்க?"

"உனக்குத்தான். முதல் பரிசு. நீ இல்லாததால உன் பேர்ல நானே வாங்கிக்கிட்டேன்."

அவள் அந்தப் பொன்னாடையின் ஜரிகையை விரலால் ஒரு முறை தொட்டாள்.

"இதையுமா?" என்றாள்.